இடப்பக்கமே போன துப்பாக்கி

மாமனார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு “எனக்குத் தெரியாது” என்று சொன்ன புது மாப்பிள்ளையை நான் இன்றுவரை பார்த்ததில்லை. கோழிக்குழம்பில் உப்பு சரியா என்பதிலிருந்து ரஷ்யாக்காரன் விட்ட ராக்கெட் எங்கே போய் விழும் என்பதுவரை எல்லாவற்றுக்கும் அவனிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். மற்ற மாப்பிள்ளைகள் பேச்சோடு நிறுத்திக்கொண்டார்கள். என் கையில் ஒரு சுத்தியலும் கிடைத்துவிட்டது.

அறுபதுகளின் ஆரம்பம். பாலக்காட்டில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பையன் நான். கொச்சி மட்டாஞ்சேரியில் கொப்பரை வியாபாரம் செய்த செய்யது ராவுத்தரின் இளைய மகள் மைமூனைக் கட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. பாலக்காட்டுக் கடையில் எனக்கு மேலே மூன்று அண்ணன்மார். கல்லாப்பெட்டி என் முறைக்கு வருவதற்குள் எனக்குப் பல் விழுந்துவிடும். அதனால் மட்டாஞ்சேரியில் மாமனார் வீட்டில் விருந்தாளியாகவே காலம் போய்க்கொண்டிருந்தது.

மாமு (மாமனாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) எர்ணாகுளத்தில் ஒரு கடை எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அதை யார் பார்த்துக்கொள்வது? மூத்த மருமகன் காதரண்ணன் ஏற்கனவே அந்த வீட்டோடு இருந்து கொப்பரைக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனத்த உடம்பு, குறைச்சலான பேச்சு. ஆள் நல்லவர்தான். ஆனால் எனக்குப் போட்டி அவர்தான். அந்தக் கடை அவருக்குப் போனால் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாலக்காட்டுக்கு ரயிலேற வேண்டியதுதான்.

மைமூனுக்கும் அந்தக் கடைமேல் கண். எர்ணாகுளத்தில் தனி வீடு, தனி அடுப்பு, தன் இஷ்டத்துக்கு மீன் வாங்கி தன் இஷ்டத்துக்குப் புளி ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

“மச்சான், உங்க கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். வாயைக் கொஞ்சம் கட்டி வைங்க. எங்க அத்தாவுக்குப் பேச்சுக்காரங்களைக் கண்டாலே ஆகாது” என்றாள். (அத்தா என்றால் அப்பா.)

அவள் இதைத் தாமதமாகத்தான் சொன்னாள். முதல் விருந்துச் சாப்பாட்டிலேயே நான் வாயைத் திறந்தாகிவிட்டது. காலேஜில் என்.சி.சி.யில் இருந்தேன், ரைஃபிள் சுடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று கோழிக்கால் கையில் இருக்கும்போது சொல்லியிருந்தேன். (நடந்தது இது: ஒரே ஒரு நாள் குப்புறப் படுக்கவைத்துச் சுடச் சொன்னார்கள். என் அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவன் அட்டையில் அவன் சுட்டதைவிட அதிக ஓட்டைகள் இருந்தன. பரிசு அவனுக்குக் கொடுத்தார்கள்.)

அந்த வருஷம் காக்கைத் தொல்லை தாங்கமுடியாமல் போனது. மழைக்காலம் தொடங்குமுன் கடைசிக் கொப்பரையைக் காயவைத்து முடிக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் காயல் என்கிற உப்பங்கழியை ஒட்டிய களத்தில் பாய் பாயாக விரித்திருந்தோம். மட்டாஞ்சேரியின் மொத்தக் காக்கையும் அங்கேதான் சாப்பிட்டது. மாமு எர்ணாகுளத்துக்கு ஆள் அனுப்பி ஒரு புது ஏர்கன் வாங்கிவரச் செய்தார். ஈயக் குண்டு போட்டு, குழாயை மடித்து நிமிர்த்திச் சுடுகிற காற்றுத் துப்பாக்கி. எண்ணெய்க் காகிதம் சுற்றி, மரப்பெட்டிக்குள் மோட்டார் போட்டில் வந்து இறங்கியது.

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து, நெய்ச்சோறு சாப்பிட்டு, எல்லோரும் களத்துக்கு வந்தோம். கொப்பரை அடுக்குகிற கிட்டங்கியின் வெள்ளையடித்த சுவரில் ஒரு திண்டு உண்டு. அதன்மேல் காலி பால்டின் ஒன்றை வைத்தார்கள். முதலில் மாமு சுட்டார். டின்னுக்கு இடப்பக்கம் நாலு விரல் தள்ளிச் சுவரில் சுண்ணாம்பு தெறித்தது. அடுத்தது காதரண்ணன். அதே இடம். பிறகு நான். அதே இடம்.

(என்.சி.சி. வீரனும் கொப்பரை வியாபாரியும் ஒரே இடத்தில் சுட்டதில் எனக்கு உள்ளூரப் பெரிய நிம்மதி.)

“மூணு பேருக்கும் எடப்பக்கமே போகுதுன்னா தோக்குதான் கோணல்” என்றார் காதரண்ணன், துப்பாக்கியைக் காட்டி. அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அது.

ரொம்பச் சரி. ஆனால் அதை அவர் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. துப்பாக்கியை வாங்கிச் சாக்கு மூட்டைமேல் அசையாமல் வைத்துச் சுட்டேன். இடப்பக்கம். அதன் திருகாணிகளை எல்லாம் ஆட்டிப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தன. மறுபடி சுட்டேன். இடப்பக்கமேதான். அதுவரை நான் செய்தது அத்தனையும் முறைப்படி சரி, இப்போதும் சொல்வேன். அத்தோடு நான் வீட்டுக்குள் போய் சாயா குடித்திருக்கலாம்.

“பின்குறியில மேலே கீழே போகத்தான் வழியிருக்கு, பக்கவாட்டுல ஒண்ணுமில்ல. முன்குறிய ஃபாக்டரியிலயே கோணலா வெச்சு அனுப்பிட்டான் மாமு” என்றேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். துப்பாக்கியில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிளவு இருக்கும், அது பின்குறி. குழாயின் முனையில் ஒரு சின்ன முளை இருக்கும், அது முன்குறி. பிளவுக்கு நடுவில் முளையையும், முளைக்கு நேரே டின்னையும் வைத்துச் சுட வேண்டும். அந்த முளை ஒரு காடிப் பள்ளத்துக்குள் இறுக்கமாகச் செருகியிருக்கும். பக்கவாட்டில் தட்டினால் நகரும்.

“வாங்கின கடைக்கே திருப்பி அனுப்பிரலாமே” என்றார் காதரண்ணன்.

“எதுக்கு அண்ணே? இதெல்லாம் என்.சி.சி.யில நாங்களே பண்றதுதான்.”

மாமு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “செய்யுங்க மாப்ளே. நோக்கட்டே, பார்க்கலாம்” என்றார்.

இப்போது என் மூளை வேலை செய்த விதத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் பிறந்து வளர்ந்தது தராசுக்குப் பக்கத்தில். எங்கள் பாலக்காட்டுக் கடையில் தராசின் இடத்தட்டு தாழ்ந்தால் என்ன செய்வோம்? கொஞ்சம் புளியை உருட்டி வலத்தட்டின் அடியில் ஒட்டுவோம். இன்னும் தாழ்ந்தால் இன்னும் கொஞ்சம் புளி. முள் நடுவுக்கு வந்துவிடும். உலகத்தில் எந்தக் கோணலுக்கும் மருந்து அதற்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது என்று எனக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. குண்டு இடப்பக்கம் போகிறதா? முன்குறியை வலப்பக்கம் தட்டு!

ஒரு மரத்துண்டை முளைக்கு அண்டைகொடுத்து, சுத்தியலால் பதமாக ஒரு தட்டு. முளை வலப்பக்கம் நகர்ந்தது. எல்லோரும் பார்க்கச் சுட்டேன். முன்பு நாலு விரல் தள்ளிப் பட்டது, இப்போது ஆறு விரல் தள்ளிப் பட்டது.

“இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் வேணும்” என்றேன். புளி பத்தவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு தட்டு. குண்டு இன்னும் இடப்பக்கம் போனது. காயல் காற்று என்றேன். மாமு தலைக்கு மேலே தென்னோலையைப் பார்த்தார். ஓலை ஆடவே இல்லை.

சமையல்கட்டு ஜன்னலிலிருந்து மைமூன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனபோது தாழ்ந்த குரலில் சொன்னாள்: “மச்சான், அந்தச் சுவரைப் பாருங்க. நீங்க தட்டத் தட்ட ஓட்டை டின்னை விட்டுத் தள்ளித் தள்ளிப் போகுது. ஒரு தடவை அந்தப் பக்கமாத் தட்டிப் பாருங்களேன்.”

“துப்பாக்கி விஷயம் உனக்கென்ன தெரியும்? நீ உள்ள போ.”

“எனக்குத் துப்பாக்கி தெரியாது. சுவர் தெரியுதுல்ல?”

எனக்குக் கோபம்தான் வந்தது. போய் மூன்றாவது தட்டைக் கொஞ்சம் பலமாகவே கொடுத்தேன். முளை காடியின் விளிம்புக்கே வந்துவிட்டது.

அதைச் சுட்டுப் பார்க்குமுன் வாசலில் குரல் கேட்டது. எர்ணாகுளத்துக் கடைக் கட்டிடத்தின் சொந்தக்காரர் வறீது சேட்டன் வந்துவிட்டார். நல்ல தாட்டியான மனிதர், வெள்ளை ஜிப்பா, கையில் வளைந்த பிடி போட்ட புத்தம்புதுக் குடை. களத்தைப் பார்க்க ஆசைப்பட்டுப் பின்பக்கமே வந்தார். பால்டின் வைத்த திண்டுக்கு ஒரு சாண் இடப்பக்கத்தில், ராந்தல் மாட்டுகிற ஆணி ஒன்று உண்டு. குடையை அதில் மாட்டிவிட்டுக் களத்து ஓரத்தில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தார்.

சாயாவும் நேந்திரங்காய் வறுவலும் வந்தன. பேச்சு சுமுகமாகப் போனது. கடையைத் தருவதாக வாக்குக் கொடுத்தார். “கடையில யாரு இருக்கப் போறது?” என்று கேட்டார்.

மாமு என்னைப் பார்த்தார். காதரண்ணனையும் பார்த்தார். “பார்க்கணும்” என்றார்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை பறந்துவந்து பால்டின் மேலேயே உட்கார்ந்தது. அல்லா எனக்காகவே அனுப்பினான் என்று நினைத்தேன்.

“புது ஏர்கன் சேட்டா. ஃபாக்டரிக் கோளாறு இருந்துச்சு. நானே சரி பண்ணிட்டேன். பாருங்க” என்று எழுந்தேன்.

ஜன்னலில் மைமூன் கையை ஆட்டினாள். வாழ்த்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

பிளவுக்கு நடுவே முளை, முளைக்கு நேரே காக்கை. மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டேன். காக்கை அசையவில்லை. டின் அசையவில்லை. சுவரில் சுண்ணாம்புகூடத் தெறிக்கவில்லை. ஆணியில் தொங்கிய குடைமட்டும் லேசாக ஒருமுறை ஆடி நின்றது. காக்கை தலையைச் சாய்த்து முதலில் குடையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

“குண்டு எங்கே போச்சு?” என்றார் மாமு.

“காயலுக்குள்ள போயிருக்கும்” என்றேன். (காயல் எனக்குப் பின்னால் இருந்தது.)

வறீது சேட்டன் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டு, மழை வருமுன் போட்டைப் பிடிக்க வேண்டும் என்று குடையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். நாங்கள் மூவரும் அவரை படகுத்துறை ஜெட்டிவரைக் கொண்டுவிடப் போனோம். ஜெட்டியில் எர்ணாகுளம் போகிற கூட்டம். அதில் பாதி மாமுவுக்குத் தெரிந்த வியாபாரிகள். போட்டு கரையை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. வறீது சேட்டன் நிதானமாகக் குடையை விரித்தார்.

அந்தக் குடையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மடக்கிச் சுற்றியிருந்த துணி. ஒரு குண்டு ஒரு பக்கமாக நுழைந்தால் எத்தனை மடிப்பு உண்டோ அத்தனையிலும் ஓட்டை விழும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதில்லை. விரித்ததும் சுற்றிலும் ஒரே உயரத்தில், யாரோ அளவெடுத்துக் குத்தியதுபோல வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு தாரை. நடுவில் வறீது சேட்டன் அபிஷேகம் நடக்கிற சாமி மாதிரி நின்றார். அதுவும் போதாதென்று குடைத்துணியிலிருந்து ஏதோ கழன்று பலகைமேல் டிக்கென்று விழுந்து உருண்டு, மாமுவின் செருப்பில் முட்டி நின்றது. நசுங்கிய ஈயக் குண்டு.

மாமு குனிந்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார். “மாப்ளே, உங்க குண்டு.”

ஜெட்டியே சிரித்தது. காதரண்ணன் துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. எனக்குக் காயலில் குதித்துவிடலாம்போல இருந்தது. (நீச்சல் தெரியாது. அதுவும் தெரியும் என்று சொல்லி வைத்திருந்தேன்.)

வறீது சேட்டன் மட்டும் சிரிக்கவில்லை. நனைந்த ஜிப்பாவோடு போட்டில் ஏறினார். “ராவுத்தரே, கடைப் பேச்சு இப்போ அங்கேயே நிக்கட்டே. நாளைக்கு வந்து சொல்றேன்” என்றார். போட்டு நகர்ந்தது. அந்த ஓட்டைக் குடையை அவர் மடக்கவில்லை. பிடித்துக்கொண்டே போனார்.

வீடு திரும்பும்வரை மாமு மழையைப் பற்றி மட்டுமே பேசினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடை போச்சு, மைமூனின் தனி அடுப்பு போச்சு, பாலக்காட்டு ரயில் என் கண்முன்னே நின்று ஊதியது.

மழை விட்டதும் மைமூன் களத்துக்கு வந்தாள். “அத்தா, அதை நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?” என்று கேட்டாள். துப்பாக்கியை மூட்டைமேல் வைத்துக் குனிந்து பார்த்தாள்.

“இந்த முளை வலப்பக்கம் போயிருச்சா? அதைத் திரும்ப டின்னுக்கு நேரே கொண்டுவரணும்னா குழாயோட மூக்கை எடப்பக்கம் திருப்பணும். அப்ப குண்டு எடப்பக்கம்தானே போகும்? எந்தப் பக்கம் தப்பாப் போகுதோ அந்தப் பக்கமேதான் முளையும் போகணும்” என்று சொல்லிக்கொண்டே சுத்தியலை எடுத்து இடப்பக்கமாகத் தட்டினாள். நான் தட்டினதை எல்லாம் சரிக்கட்டி, அதற்கு மேலும் ஒரு பொடித் தட்டு. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுட்டாள். டின் எகிறிப் போய், மழைக்குச் சுருட்டிவைத்த கொப்பரைப் பாய்மேல் விழுந்தது.

மாமு போய் டின்னை எடுத்துவந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை, அறிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது. “ஒரு காரியம் கேக்கட்டே மாப்ளே? ஒவ்வொரு தட்டுக்கும் தள்ளித் தள்ளிப் போச்சே. ஒரு தடவை மறுபக்கம் தட்டிப் பார்ப்போம்னு தோணவே இல்லையா?”

“தோணல மாமு” என்றேன். “எனக்குத் துப்பாக்கியே தெரியாது. காதரண்ணனுக்கே கடையைக் குடுத்துருங்க.”

காதரண்ணன் பதறிவிட்டார். “எனக்கா? அய்யோ, வேண்டாம் தம்பி! எனக்குப் போட்டுல கால் வெச்சாலே கொடல் வெளிய வருது. நோம்புக்கு முன்னாலயே மாமுகிட்ட சொல்லியாச்சே!”

“ஆமா, சொன்னாரு. கடை உங்களுக்குத்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணியாச்சு. வறீது வாக்குக் குடுக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அந்த வாக்கைத்தான் நீங்க சுட்டுட்டீங்க” என்றார் மாமு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் வாயைத் திறக்காமல், துப்பாக்கியைத் தொடாமல், சும்மா வறுவல் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் போதுமாயிருந்திருக்கிறது.

மறுநாள் காலை வறீது சேட்டன் வந்தார். அதே குடை. ஓட்டைக்கு ஓட்டை வட்டமாகக் கறுப்புத் துணி ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தது. மாமு புதுக் குடை ஒன்றை வாங்கிவைத்திருந்தார். சேட்டன் அதைத் தொடவில்லை. (அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். மலையாளத்தில் இன்னும் கொஞ்சம் அதிகமாக வலித்தது.)

“அது வேண்டாம் ராவுத்தரே. ராத்திரி இதை வீட்டில் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரி சிரித்து சிரித்து இருமல் வந்து, முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. வரும் வழியில் போட்டில் எல்லோருக்கும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் வந்தேன். கடை தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. டின்னை யார் சுட்டு விழவைத்ததென்று இன்றைக்கு ஜெட்டியில் இறங்கியதுமே கேள்விப்பட்டேன். மருமகன் கடையில் உட்காரட்டும். சாவி மட்டும் மகள் கையில் இருக்கட்டும்.”

மாமு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “அப்படியே ஆகட்டே” என்றார்.

அப்படியே ஆனது. எர்ணாகுளத்துக்குக் குடிபோனோம். மைமூனுக்குத் தனி அடுப்பு கிடைத்தது. மீன்குழம்பில் அவள் இஷ்டத்துக்குப் புளி ஊற்றினாள், நான் வாயைத் திறக்கவில்லை. கடைச் சாவி அன்றைக்கு அவள் இடுப்பில் ஏறியதுதான், இறங்கவே இல்லை. ஊருக்கெல்லாம் நான் முதலாளி. காலையில் கடை திறக்குமுன் அவளிடம் போய்க் கையேந்துவேன், ராத்திரி திரும்பக் கொடுப்பேன். மட்டாஞ்சேரிக் காக்கைகளும் கடைசிவரை என்னைக் கண்டு பயந்ததில்லை. அவள் அத்தா வீட்டுக்குப் போய்க் களத்தில் ஒரு துடைப்பத்தோடு நின்றாலே பறந்துவிடும்.

எங்கள் வீட்டில் நான் தொண்டையைச் செருமி ஓர் அபிப்பிராயம் சொல்லத் தொடங்கினால் போதும், யாராவது ஒருவர் “குடையை எடுத்து உள்ளே வைங்கப்பா” என்பார்கள். வறீது சேட்டனைக் கண்ணால் பார்க்காத பேரப்பிள்ளைகளும் சொல்கிறார்கள்.

போன மாதம் கூடத்தில் புதிதாகச் சுவர்க்கடிகாரம் மாட்டினோம். மகன் ஏணிமேல் நின்றான். கடிகாரம் கொஞ்சம் கோணலாக இருந்தது. எனக்கு வயது எண்பதைத் தாண்டியாயிற்று, அந்தச் சம்பவத்தை இவ்வளவு விவரமாகச் சொல்லத் தெரிகிறது, ஆனால் வாய் கேட்கிறதா? “கீழ்ப்பக்கத்தை வலப்பக்கமாத் தள்ளு” என்றேன்.

மகன் கையை வைக்காமல் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மைமூன் உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கடிகாரம் அவள் கண்ணில் படுகிற இடத்திலேயே இல்லை.

“அத்தா என்ன சொன்னாரு?” என்று கேட்டாள்.

“வலப்பக்கம்னாரு.”

“அப்ப எடப்பக்கம் தள்ளு.”

தள்ளினான். கடிகாரம் நேராக நின்றது.